பழைய பலகைக்குப் புதிய விலை: தோட்டத்து மக்களுக்கு என்ன பங்கு?

பயன் தீர்ந்ததென்று ஒதுக்கப்பட்ட பொருளுக்கு மறுவாழ்வு கொடுத்து, முன்னிருந்ததைவிட உயர்ந்த பெறுமதியுள்ள பொருளாக மாற்றும் போக்கு இன்று உலகெங்கும் கட்டட வடிவமைப்பிலும் உள்ளக அலங்காரத்திலும் வேரூன்றி வருகின்றது. இடிக்கப்பட்ட வீட்டின் கதவு உணவு மேசையாகின்றது. பழைய இயந்திரத்தின் இரும்புச் சக்கரம் விளக்குத் தாங்கியாகின்றது. ஆங்கிலத்தில் இதற்கு ‘அப்சைக்கிளிங்’ என்று பெயர். பழைய பொருளை உருக்கியோ அரைத்தோ மீண்டும் மூலப்பொருளாக்குவது மீள்சுழற்சி. பழைய பொருளின் வடிவத்தையும் அதில் அடங்கியுள்ள உழைப்பையும் காப்பாற்றிக்கொண்டே அதன் மதிப்பை உயர்த்துவது இப்புதிய முறை. இடிபாடுகளை நொறுக்கித் தரம் குறைந்த பொருளாக்குவதை மீள்சுழற்சி என்று பெருமைப்படுவது சரியல்ல என்று ஜேர்மனியரான ரைனர் பில்ஸ் 1994 ஆம் ஆண்டிலேயே வாதிட்டபோது, இந்தச் சொல்லையும் பயன்படுத்தினார்.

இந்தப் போக்கு ஊவா மாகாணத்தையும் எட்டியிருக்கின்றது. எல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளை ஆகிய இடங்களில் உல்லாசப் பயணிகளை நம்பி எழுந்துள்ள விடுதிகளிலும் தேநீர்ச் சாலைகளிலும் பழைய ஜன்னல் நிலைகள், ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைகள், தேயிலைச் செடியின் வேரைக் காலாகக் கொண்ட மேசைகள், கொழுந்து நிறுத்த தராசுகள் முதலியன அலங்காரப் பொருட்களாக இடம்பிடித்துள்ளன. கொழும்பிலிருந்து பதுளை செல்லும் நெடுஞ்சாலையில், மலையேற்றம் தொடங்கும் வாயிலில் அமைந்திருக்கும் ஹல்துமுல்லைக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. நாட்டின் மிக உயரமான நீர்வீழ்ச்சியான பம்பரகந்தையும் அதற்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படும் தியலுமவும் இப்பிரதேசத்தை நாடிப் பயணிகளை வரவழைக்கின்றன.

பழையதைக் காப்பாற்றும் முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆனால் பெருந்தோட்டப் பகுதியில் பழைய பொருள் என்பது வெறும் மரமும் தகரமும் அல்ல. அவை யாருடைய கையால் தேய்ந்தன, யாருடைய வாழ்விடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்படுகின்றன, அவற்றின் புதிய விலை யாரைச் சேர்கின்றது என்ற கேள்விகள் உடன் எழுகின்றன. இக்கேள்விகளுக்கு விடை காணாமல் இந்த நாகரிகத்தைக் கொண்டாடுவது முழுமையான பார்வையாகாது.

முதலில் இதன் நன்மைகளை ஒப்புக்கொள்வோம். பழைய மரத்தை மீண்டும் பயன்படுத்தும்போது காட்டில் புதிதாக ஒரு மரம் வெட்டப்படுவது தவிர்க்கப்படுகின்றது. உள்ளூர்த் தச்சருக்கும் இரும்பு வேலை செய்வோருக்கும் வேலை கிடைக்கின்றது. வெளிநாட்டுச் செலாவணி மிச்சமாகின்றது. 2020 ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் கீழ் தரை ஓடுகள் போன்ற கட்டடப் பொருட்கள் தட்டுப்பாடாகி விலை ஏறியதையும், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கட்டட வேலைகள் இடைநடுவில் நின்றதையும் நாம் கண்டோம். கையிலிருக்கும் பழைய பொருளின் அருமையை அந்த ஆண்டுகள் பலருக்கும் உணர்த்தின.

இது நமது நாட்டுக்குப் புதிய பாடமும் அல்ல. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது உள்ளூர்ப் பொருட்களின் பக்கம் திரும்பிய கட்டடக் கலைஞர்களில் ஜெஃப்ரி பாவா முதன்மையானவர். கொழும்பில் அவர் வாழ்ந்த இல்லத்தில், இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து பெறப்பட்ட கதவுகளும் செட்டிநாட்டிலிருந்து வந்த தூண்களும் புதிய இடம் பெற்றன. அவர் ஈனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய வீடு, அந்தக் காணி கைமாறியபோது 2009 ஆம் ஆண்டு பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, இலக்கமிடப்பட்டு, பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுனுகங்கையில் மீண்டும் எழுப்பப்பட்டது. ஒரு கட்டடத்தின் கல்லுக்கும் மரத்துக்கும் இத்தனை மரியாதை செலுத்தும் ஆற்றல் இந்நாட்டில் இருக்கின்றது என்பதற்கு அது சான்று.

பெருந்தோட்டத் துறையிலும் இத்தகைய முன்மாதிரிகள் உண்டு. நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 1996 ஆம் ஆண்டு ஆடம்பர ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. அதன் வெளித்தோற்றமும் இரும்புத் தூண்களும் மாற்றப்படவில்லை. பழைய இயந்திரங்கள் காட்சிப் பொருட்களாக வைக்கப்பட்டன. கொழுந்து வாட்டும் மேல்மாடிகள் விருந்தினர் அறைகளாயின. பழைய ரயில் பெட்டியொன்று உணவகமாக மாற்றப்பட்டு அதன் வளவில் நிறுத்தப்பட்டது. கண்டி ஹந்தானையில் 1925 ஆம் ஆண்டு கட்டப்பட்ட தொழிற்சாலை 2001 ஆம் ஆண்டு தேயிலை நூதனசாலையாகியது. பாழடைந்து இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டிய கட்டடங்கள் இவ்வாறு காப்பாற்றப்பட்டமை பாராட்டுக்குரியது.

ஆனால் ஹல்துமுல்லைப் பிரதேசத்துக்கு வேறொரு தேயிலைத் தொழிற்சாலையின் கதையும் தெரியும். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த மலைச்சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாற்று வீடு வரவில்லை. உயிர் தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டனர். பின்னர் இயங்காதிருந்த தேயிலைத் தொழிற்சாலையொன்றே அக்குடும்பங்களின் இருப்பிடமாயிற்று. மாகல்தெனியவில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016 ஆம் ஆண்டு கையளிக்கப்படும் வரையில் அவர்களின் வாழ்க்கை அங்கேயே கழிந்தது.

இரண்டும் கைவிடப்பட்ட தொழிற்சாலைகள். இரண்டிலும் கொழுந்து வாட்டிய தளத்தில் மனிதர் உறங்கினர். ஒன்றில் கட்டடக் கலைஞர், பொறியியலாளர், முதலீட்டாளர் எனப் பலரும் கூடிப் பழைய கட்டடத்தை மனிதர் மகிழ்ந்து தங்கும் இடமாக்கினர். மற்றையதில் அவசரத் தேவையும் அதிகாரிகளின் இயலாமையும் சேர்ந்து, பழைய கட்டடத்துக்குள் மனிதரை அடைத்துவைத்தன. பழைய பொருளுக்கு மறுவாழ்வு கொடுக்கும் அறிவும் கைத்திறனும் நம்மிடம் உள்ளன. அந்த அறிவும் திறனும் யாருக்காகப் பயன்படுத்தப்படுகின்றன என்பதிலேயே வேறுபாடு இருக்கின்றது.

தேயிலைப் பெட்டியின் வரலாற்றிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். கடதாசிப் பைகள் வழக்கத்துக்கு வருவதற்கு முன்னர், ஒட்டுப்பலகையால் செய்து உலோகத் தாள் உள்ளே விரித்த பெட்டிகளிலேயே இலங்கைத் தேயிலை கப்பலேறியது. கிந்தோட்டையிலிருந்த அரச ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை இத்தகைய பெட்டிகளுக்கான பலகையைத் தயாரித்தது. அதற்கும் முன்னர், எஸ்தோனியாவின் லூதர் ஆலையில் உருவான ஒட்டுப்பலகைப் பெட்டிகளை லண்டனின் வெனெஸ்டா கம்பனி விற்பனை செய்தது. அக்கம்பனியில் பணியாற்றிய ஜாக் பிரிட்சர்ட் 1930களில் ‘ஐசோகொன்’ என்னும் பெயரில் தளபாட நிறுவனமொன்றைத் தொடங்கினார். அந்நிறுவனத்துக்காக மார்செல் புரூயர் வடிவமைத்த, வளைந்த ஒட்டுப்பலகையாலான சாய்கதிரையின் பாகங்களும் எஸ்தோனியாவிலேயே செய்யப்பட்டன. அக்கதிரை இன்று நவீன வடிவமைப்பின் செல்வமாக அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றது.

தேயிலைப் பெட்டியின் பலகைக்கு மலையக லயங்களிலும் இன்னொரு வாழ்வு இருந்தது. உடைந்த பெட்டி துணிமணி வைக்கும் அலுமாரியாகியது, சமையற்கட்டில் தட்டாகியது, சுவரில் அறைந்தபோது சாமிப்படம் வைக்கும் மாடமாகியது, கவிழ்த்து வைத்தபோது பிள்ளை எழுதும் மேசையாகியது. சாக்கு இடுப்பில் கட்டும் படங்காகியது. எண்ணெய்த் தகரம் வாளியாகியது. வெட்டி விரித்தபோது ஒழுகும் கூரைக்கு ஒட்டாகியது. உரப்பை கொழுந்துச் சுமைக்கும் மழைக்கும் உதவியது. ஏறத்தாழ 10க்கு 12 அடி அளவுள்ள காம்பராவுக்குள் மூன்று தலைமுறைகள் வாழ வேண்டியிருந்தபோது, ஒரு பொருளும் வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் கலையை மலையக மக்கள் எவரிடமும் படிக்கவில்லை. லண்டனில் அதே பலகை வடிவமைப்பு எனப்பட்டது. லயத்தில் அது வறுமை எனப்பட்டது.

இவ்வாறு கூறும்போது வறுமையை அழகுபடுத்துவது நமது நோக்கமல்ல. தேர்ந்தெடுத்துப் பழையதைப் பயன்படுத்துவதும் வேறு வழியின்றிப் பழையதோடு வாழ்வதும் ஒன்றல்ல. வாங்கும் வசதியுள்ளவர் பழைய பலகையை நாடுவது ரசனை. வாங்க வழியில்லாதவர் அதே பலகையைப் பற்றிக்கொண்டிருப்பது நிர்ப்பந்தம். அந்த நிர்ப்பந்தத்துக்குள்ளும் அவர்களது கையில் திறன் இருந்தது. இன்று நல்ல விலை பெறும் அந்தத் திறனுக்கு அன்று மதிப்பளிக்க எவரும் இருக்கவில்லை என்பதையே நாம் சுட்டிக்காட்டுகின்றோம்.

அடுத்து உரிமையைப் பற்றிய கேள்வி எழுகின்றது. தமிழ்நாட்டின் செட்டிநாட்டுப் பகுதியில் பெரும் மாளிகைகள் பல பிரிக்கப்பட்டு, அவற்றின் பர்மாத் தேக்குத் தூண்களும் செதுக்கிய நிலைக் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் விலைக்கு வந்தன. பரம்பரை வீடுகள் சிதைவதையிட்டு அங்கு கவலை தெரிவிக்கப்பட்டது. 2014 ஆம் ஆண்டு செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடொன்று மீள எழுப்பப்பட்டுள்ளது. எனினும் அங்கு ஒரு விடயம் தெளிவாக இருந்தது. தூணை விற்றவர் அத்தூணின் உரிமையாளர். நல்ல விலையோ மலிந்த விலையோ, பணம் அவர் கைக்கே சென்றது.

மலையகத்தில் அத்தகைய தெளிவு கிடையாது. 1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் மூலம் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 ஆம் ஆண்டு முதல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்று, காணிகள் நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டன. நிலம் அரசாங்கத்துடையது, நிர்வாகம் கம்பனியுடையது, லயத்தில் நான்கு தலைமுறையாகக் குடியிருப்பவருக்கு அந்த லயத்தின் கதவும் சொந்தமல்ல. தம் செலவில் இஸ்தோப்பை அடைத்து அறையாக்கியவர், தரைக்குச் சீமெந்து இட்டவர், ஜன்னல் பொருத்தியவர் என அநேகர் உள்ளனர். லயம் இடிக்கப்படும்போது அந்த ஜன்னல் யாருக்குரியது? கருங்கல் அத்திவாரமும் பழைய மரச் சலாகைகளும் லொறியில் ஏறும்போது, அவற்றின் பெறுமதி எந்தக் கணக்கில் பதியப்படுகின்றது?

வருங்காலத்தில் இக்கேள்வி மேலும் வலுப்பெறவே செய்யும். இந்திய உதவியுடன் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் கட்டப்படும் என்று 2017 ஆம் ஆண்டு நோர்வுட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். ஒவ்வொரு தனிவீட்டுத் திட்டமும் நிறைவேறும்போது ஒரு லயம் வெறுமையாகின்றது. இயற்கையும் லயங்களை வெறுமையாக்கி வருகின்றது. 2023 ஆம் ஆண்டு மார்ச் மாதம் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து குடியிருப்புகள் அழிந்தன. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, பதுளை மாவட்டமும் மண்சரிவுகளால் பேரழிவைச் சந்தித்தது. கைவிடப்படும் குடியிருப்புகளில் எஞ்சும் மரமும் கல்லும் இரும்பும் சிறு செல்வமல்ல. வீட்டை இழந்தவர்கள் அதைத் தொட முடியாதிருக்க, பழம்பொருள் வியாபாரி மலிந்த விலைக்கு அள்ளிச்செல்லும் நிலைமை ஏற்படக் கூடாது.

நினைவைப் பாதுகாப்பதிலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 ஆம் ஆண்டு கட்டிய அதிஷாம் பங்களாவின் தளபாடங்களும் நூலகமும் இன்றும் பேணப்படுகின்றன. சேர் தோமஸ் லிப்டனின் பெயரைச் சொல்லும் தம்பேதன்னைத் தொழிற்சாலையைப் பார்க்க உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். துரைமாரின் கதிரைக்கு வரலாறு இருக்கின்றது. அந்தக் கதிரையைத் துடைத்தவர்களின் பெட்டிக்கும் வரலாறு உண்டு என்பதை எடுத்துச்சொல்லும் இடங்கள் மிகச் சிலவே. கம்பளையை அடுத்த ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயமொன்றையே தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் பணி இவ்வகையில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. பழைய கட்டடத்துக்கு மறுவாழ்வு கொடுக்கும் முயற்சியில் இதனை நாம் முதல் வரிசையில் வைப்போம். ஏனெனில் அங்கு கட்டடத்தோடு அதில் வாழ்ந்தவர்களின் பெயரும் காப்பாற்றப்படுகின்றது.

எனவே சில நடைமுறைகள் உடனடியாகத் தேவைப்படுகின்றன. முதலாவதாக, லயமொன்று அகற்றப்படுவதற்கு முன்னர் அதிலுள்ள மரம், கல், இரும்பு ஆகியவற்றுக்குப் பிரதேச செயலகத்தின் மேற்பார்வையில் பட்டியல் தயாரிக்கப்பட வேண்டும். குடியிருப்போர் தம் செலவில் சேர்த்தவை அவர்களுக்கே உரியவை என்பது எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும். ஏனையவற்றைப் புதிய வீட்டுக்குப் பயன்படுத்தும் முதலுரிமையும் அவர்களுக்கே அளிக்கப்பட வேண்டும். மிஞ்சியது விற்கப்பட்டால் அந்தப் பணம் தோட்டத்தின் பொது நலனுக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவதாக, கைத்தொழில் பயிற்சி. கொழும்பிலும் எல்லயிலும் விற்கும் பழைய மர மேசைக்குப் பெறுமதியைக் கூட்டுவது இழைப்புளியும் உப்புத்தாளும் பிடிக்கும் கைதான். ஊவாத் தோட்டங்களின் இளைஞர்களும் யுவதிகளும் வேலை தேடிக் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும் தொழிற்பயிற்சி அதிகார சபையும் பழைய மரத்தைச் செப்பனிடல், தளபாட வடிவமைப்பு, கணக்கு வைத்தல் ஆகியவற்றை இணைத்துத் தமிழ்மொழியில் பாடநெறியொன்றை நடத்தினால், தோட்டத்துப் பழைய பலகை தோட்டத்திலேயே தளபாடமாகி வெளியே போகும். மூலப்பொருளை மலிவாக அனுப்பிவிட்டுப் பெறுமதியைப் பிறர் பெறப் பார்த்திருப்பது தேயிலையில் நாம் நெடுங்காலமாகப் பட்ட அனுபவம். பலகையிலும் அதைத் தொடர வேண்டியதில்லை.

மூன்றாவதாக, மூடப்பட்ட தொழிற்சாலைகள். அவற்றை ஹோட்டலாக்க முன்வரும் முதலீட்டாளரை நாம் எதிர்க்கவில்லை. ஆயினும் குத்தகை ஒப்பந்தத்தில் அந்தத் தோட்டத்து மக்களுக்கான வேலைவாய்ப்பும் வருமானப் பங்கும் நிபந்தனையாக இடம்பெற வேண்டும். எல்லாத் தொழிற்சாலையும் ஹோட்டலாகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. நூலகமாகவோ, பயிற்சி நிலையமாகவோ, அனர்த்த வேளையில் மனிதர் மதிப்போடு தங்கக்கூடிய முறையான தங்குமிடமாகவோ அவற்றுள் சிலவற்றை முன்கூட்டியே மாற்றியமைக்கலாம். மண்சரிவு அபாயமுள்ள ஹல்துமுல்லை போன்ற பிரதேசத்தில், அடுத்த மழைக்குப் பின்னர் யோசிப்பது பொறுப்பான நிர்வாகமாகாது.

இங்கு எச்சரிக்கையும் அவசியம். பழையது அனைத்தும் மீண்டும் பயன்படுத்தத் தக்கதல்ல. பழைய அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகின்றன. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். அதைச் சுரண்டும் தூசு குழந்தைகளுக்குப் பெரும் கேடு. கிரியோசோட் எண்ணெய் ஊட்டிய சிலிப்பர் கட்டைகளை வீட்டுக்குள் பயன்படுத்துவது உகந்ததல்ல. இத்தகைய வேலைகளில் தகுந்த முகக்கவசமுமின்றி ஈடுபடுத்தப்படுவோர் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர்களே. பயிற்சியும் பாதுகாப்பு விதிகளும் ஒன்றாகவே செல்ல வேண்டும்.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்றும் உண்டு. மறுபயன்பாடு என்ற நல்ல சொல், லயங்களுக்கு மேலும் மேலும் ஒட்டுப்போட்டு மக்களை அவற்றிலேயே இருத்திவைக்கும் சாக்காகிவிடக் கூடாது. கூரைத் தகடு மாற்றுவதும் சுவருக்கு வெள்ளையடிப்பதும் வீடமைப்பு ஆகா. நினைவுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓரிரு லயங்களைப் பேணுவது போதுமானது. மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகள் 2023 ஆம் ஆண்டில் நினைவுகூரப்பட்டன. ஊவாவில் அத்தகைய நினைவிடமொன்றை அமைக்க மாகாண நிர்வாகம் முன்வருமாயின், அது அந்நினைவுகூரலுக்குப் பொருள் தருவதாக அமையும். ஏனைய லயங்களில் வாழ்பவர்களுக்கு வேண்டியது தமக்கென்று காணியும் உறுதிப்பத்திரமும் பாதுகாப்பான நிலத்தில் தனிவீடுமே.

பழைய பலகையின் கீறலுக்கும் தேய்மானத்துக்கும் இன்று விலை கொடுக்க ஆட்கள் இருக்கின்றனர். அந்தத் தேய்மானம் ஒருவருடைய உழைப்பின் அடையாளம் என்பதாலேயே அதற்கு அழகும் வந்திருக்கின்றது. அவ்வாறாயின் அந்த விலையில் உழைத்தவருக்கும் பங்கு உண்டு என்பதை ஏற்பதே நேர்மை. விடுதி கட்டுவோரும் பெருந்தோட்டக் கம்பனிகளும் இதனைத் தாமாக உணர்ந்து செயற்படுவர் என்று காத்திருக்க முடியாது. பெருந்தோட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சும் ஊவா மாகாண சபை நிர்வாகமும் அடுத்த லயம் இடிக்கப்படுவதற்கு முன்னரே இதற்கான விதிகளை வகுக்க வேண்டும் என்று நாம் வலியுறுத்துகின்றோம்.